அப்பீல் வாதத்துக்கு வந்துவிட்டது, இனிமேல் மனித உரிமை வாதத்தை எடுக்க முடியுமா? (வாடகை வீடு, பாலக்காடு சித்தூர் பக்கம்)

தத்தமங்கலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இருப்பது சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சிக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டில். அப்பா காலத்தில் வாடகைக்கு வந்தது, அப்பா போன பிறகு ரசீது அம்மா பெயருக்கு மாறியது. நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், வாரக் கடைசியில் வாளையாறு தாண்டி வந்து போகிறேன். பழைய வீட்டுக்காரர் தங்கமான மனிதர், அவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. மகன் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று வாடகைக் கோர்ட்டில் பெட்டிஷன் போட்டார். அவருக்கு வேறு வீடு இருக்கிறது, இது வெறும் சாக்கு என்று நாங்கள் ஆப்ஜெக்ஷன் போட்டோம், ஆனால் அந்த வேறு வீடு அவர் பெயரில் இல்லை என்று ஆகிவிட்டது. தோற்றோம். இப்போது பாலக்காட்டில் அப்பீல். அப்பீல் மனுவில் (மெமோ) பத்துப் பன்னிரண்டு கிரவுண்டு, அதாவது காரணங்கள், போட்டிருக்கிறார்கள், எல்லாமே சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: கீழ்க் கோர்ட் சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது. அடுத்த மாதம் வாதம்.

நான் உட்கார்ந்து படித்தவரை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வாழும் உரிமை இருக்கிறது, அதில் இருப்பிட உரிமையும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி ஆபரேஷன் ஆனவர், அந்தத் தெருவை விட்டால் அவருக்கு உலகம் கிடையாது. இதை ஏன் யாரும் கோர்ட்டில் சொல்லவில்லை என்று வக்கீலிடம் கேட்டேன். ‘இதெல்லாம் ஆப்ஜெக்ஷன் போடும்போதே வந்திருக்க வேண்டும், அப்பீலில் புதுக் கதை சொல்ல முடியாது’ என்றார். படி இறங்கும்போது அவருடைய ஜூனியர் மெதுவாக, ‘அடிப்படை உரிமையை எந்தக் கட்டத்திலும் எடுக்கலாம் அண்ணா’ என்றார். இரண்டு பேரும் ஒரே ஆபீஸ்! யார் சொல்வது சரி?


மலம்புழைக் காற்று:

கோர்ட்டை விடுங்கள். திருவனந்தபுரத்தில் மாநில மனித உரிமை கமிஷன் இருக்கிறது, அம்மா பெயரில் ஒரு மனு எழுதிப் போடுங்கள். வயதானவர் என்றால் உடனே எடுப்பார்கள்.


கோர்ட்டு வராண்டா:

மேலே சொன்னதை நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம் தம்பி. நான் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், இந்த மாதிரி மனுக்கள் எத்தனை போய்த் திரும்பி வந்திருக்கின்றன என்று பார்த்திருக்கிறேன். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993-இல் வந்தது. அதன் கீழ் கமிஷன் பார்ப்பது முக்கியமாக அரசு ஊழியர் செய்த மீறலை, இல்லையென்றால் அவர் தடுக்காமல் விட்டதை. இங்கே தகராறு இரண்டு தனி ஆட்களுக்கு நடுவில், அதுவும் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது. கமிஷன் கை வைக்காது.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பழைய வீட்டுக்காரர் மகனுக்கு எழுதிக் கொடுத்தார் என்றீர்களே, அந்த ஆதாரப் பத்திரத்தின் தேதி என்ன, பெட்டிஷன் போட்ட தேதி என்ன? கேரள வாடகைச் சட்டத்தில் (1965), சொந்தத் தேவைக்குக் காலி செய்யக் கேட்கும் 11(3) பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. உயிரோடு இருப்பவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தால் உரிமை வந்தவர், அந்தப் பத்திரத் தேதியிலிருந்து ஒரு வருஷம் கழியாமல் சொந்தத் தேவை என்று கேட்டு வர முடியாது. ஆதாரம் அவர்களே போட்ட ரிக்கார்டு, தேதியை யாரும் மறுக்க முடியாது. அந்த மாதிரி பாயிண்ட் என்றால் அப்பீலில் முதல் தடவையாக எடுத்தாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.


தத்தமங்கலத்தான்:

நன்றி சார். பார்த்தேன், ஆதாரம் பதிவாகிப் பதினான்கு மாதம் கழித்துத்தான் பெட்டிஷன். அந்த வழி இல்லை.


ஒலவக்கோடு வக்கீல்:

தம்பி, உங்கள் வக்கீலும் சரி, ஜூனியரும் சரி. இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்பீலில் புதிதாக வரும் சங்கதியை நீதிபதி இப்படித்தான் பார்ப்பார்: இதைத் தீர்மானிக்கப் புதிதாக ஏதாவது உண்மை தெரிய வேண்டுமா, அல்லது வழக்குக் கட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே முடிவு சொல்ல முடியுமா? கட்டில் இருப்பதே போதும், பாக்கி இருப்பது சட்டக் கேள்வி மட்டும்தான் என்றால் தாமதம் பெரிய தடை இல்லை. 1892-இலேயே, அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் கனெக்டிகட் தீ இன்சூரன்ஸ் வழக்கில் லார்ட் வாட்சன் சொன்னது இது, நம் கோர்ட்டுகளில் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறோம்: ஒப்புக்கொண்ட அல்லது சந்தேகமில்லாமல் நிரூபணமான உண்மைகளின் மேல் எழும் சட்டக் கேள்வியைக் கடைசிக் கோர்ட்டில் முதல் தடவையாக எழுப்பினாலும் கேட்பதுதான் நியாயம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 41 ரூல் 2-உம் அந்த வழியில்தான் போகிறது. மெமோவில் இல்லாத கிரவுண்டை அனுமதி வாங்கித்தான் பேச முடியும், அனுமதி கிடைத்தாலும் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்தாக வேண்டும். ஆனால் உண்மையும் சட்டமும் கலந்த கேள்வி என்றால் கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கும். ‘இதை அப்போதே சொல்லியிருந்தால் நான் இன்னொரு சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருப்பேன்’ என்று எதிர் வக்கீல் சொல்லிவிட்டால் முடிந்தது.

இப்போது உங்கள் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் வயது, முட்டி, போக்கிடம் இல்லாதது எல்லாம் உண்மைகள். கீழ்க் கோர்ட்டில் இவற்றைச் சொல்லி நிரூபித்திருந்தால் 21-ஐ இன்றைக்கு எடுப்பது வெறும் சட்டவாதம். சொல்லவே இல்லை என்றால், 21 என்ற எண்ணைப் போட்டதால் மட்டும் அது சட்டக் கேள்வி ஆகிவிடாது.

ஜூனியர் சொன்னதற்கும் அடிப்படை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு, ஓல்கா டெல்லிஸ், 1985. அதில் நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று அந்த மக்கள் தரப்பே ஹைகோர்ட்டில் ஒத்துக்கொண்டு, ஒரு தேதிக்கு மேல் இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்றும் சொல்லியிருந்தது. அப்புறம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து உரிமை கேட்டார்கள். ‘அங்கே விட்டுக்கொடுத்தீர்களே, இங்கே எப்படிக் கேட்கலாம்’ என்று மாநகராட்சி கேட்டதற்கு, அரசியல் சட்டத்துக்கு எதிராக அப்படி ஒரு தடை கிடையாது, அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் (அப்பா சந்திரசூட், ஒய்.வி.) தலைமையிலான அமர்வு சொன்னது. நாள் தவறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக 21-ஐத் தூக்கி எறிய முடியாது என்று வாதாட இதைவிட நல்ல தீர்ப்பு கிடையாது.

ஆனால் அந்தத் தீர்ப்பைக் கடைசி வரை படியுங்கள். வாழ்வாதார உரிமை 21-இல் அடக்கம் என்ற வாதத்தில் அந்த மக்கள் ஜெயித்தார்கள், நடைபாதையை இழந்தார்கள். 21 சொல்வது ‘சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல்’ பறிக்கக் கூடாது என்பதுதான். நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, காரணம் நிரூபித்து, அப்பீலும் கொடுத்து வெளியேற்றச் சொல்கிற வாடகைச் சட்டம் இருக்கிறதே, அதுவே அந்த நடைமுறை என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும்.

இன்னொன்று, வீட்டுக்காரர் அரசாங்கம் இல்லை. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், 19, 21 பிரிவு உரிமைகளை அரசு அல்லாத தனிநபருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றார்கள். அது மந்திரிகளின் பேச்சு பற்றிய வழக்கு. அதை வாடகை வீட்டுக்கு இழுத்து வருவதென்றால் உழைப்பு வேண்டும், அதற்கு ஏற்ற இடம் ஹைகோர்ட். வாடகை அப்பீல் அதிகாரி சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் உட்கார்ந்திருப்பவர், 11(3)-ஐத் தாண்டிப் போய் உங்களுக்குப் பரிகாரம் கொடுக்க அவரால் முடியாது.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் டெபொசிஷன் (கோர்ட்டில் சொன்ன சாட்சியம்) நகலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள், குறிப்பாகக் குறுக்கு விசாரணையை. நமக்கு வேண்டிய உண்மையை எதிர் வக்கீலே கேட்டுப் பதிவு செய்து வைத்திருப்பது நிறைய நடக்கும்.


வீட்டுக்காரனும் மனுஷன்தான்:

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். கொல்லங்கோட்டில் எனக்கும் ஒரு வீடு வாடகையில் மாட்டியிருக்கிறது. வரும் வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது. என் மகளுக்கு வீடு வேண்டும் என்றால் நான் வருஷக்கணக்கில் கோர்ட்டில் நின்று என் தேவையை நிரூபிக்க வேண்டும், இதில் அப்பீல் முடியப் போகும் நேரத்தில் மனித உரிமை என்று புதிதாக ஆரம்பித்தால் எனக்கு உரிமையே இல்லையா?

அரசியல் சட்டத்தைத் திறந்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும், தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி வாடகைச் சட்டத்தில் சொந்தத் தேவைக்குக் குடியிருப்பை மட்டும்தான் காலி செய்யச் சொல்லலாம், கடையைச் சொல்ல முடியாது என்று இருந்ததை சத்யவதி சர்மா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சமத்துவத்துக்கு விரோதம் என்று அடித்தது. அரசியல் சட்டத்தைச் சொல்லி அங்கே ஜெயித்தது வீட்டுக்காரர் தரப்பு.


ஒலவக்கோடு வக்கீல்:

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தாமதமாக வரும் வாதத்தைக் கோர்ட் சந்தேகத்தோடு பார்ப்பதே இதனால்தான். வழக்கை இழுப்பதற்காகவே கடைசி நேரத்தில் புதிது புதிதாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தம்பியின் மனுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.


கேட்ஃபோர்டு தமிழன்:

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை, இப்போது லண்டனில். இங்கே நிலைமை எப்படி என்று சொன்னால் உதவுமா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே மனித உரிமைச் சட்டம் 1998 என்று தனியாகவே இருக்கிறது, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு ‘வீடு’ என்ற சொல்லையே போட்டுப் பாதுகாக்கிறது. 2010-இல் பின்னாக் வழக்கில் இங்கத்திய உச்ச நீதிமன்றம், கவுன்சில் வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்றும்போது அது அளவுக்கு மீறிய நடவடிக்கையா என்று கோர்ட் பார்க்க வேண்டும் என்றது. கவுன்சில் என்றால் அரசு அமைப்பு, அதனால்.

2016-இல் மெக்டொனால்ட் வழக்கு வந்தது. மனநலம் குன்றிய ஒரு பெண், அவருக்காகவே பெற்றோர் கடன் வாங்கி வாங்கிய வீடு, கடன் தவணை நின்றதால் வெளியேற்றம். இதைவிடப் பரிதாபமான சூழ்நிலை இருக்க முடியாது. ஆனாலும் தனியார் வீட்டுக்காரர் என்றால் 8-ஆம் பிரிவை வைத்து அந்த எடைபோடலைக் கேட்க முடியாது, நாடாளுமன்றம் வாடகைச் சட்டத்தில் ஏற்கெனவே எடைபோட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2018-இல் அங்கேயும் ஏற்கவில்லை. எழுதிவைத்த மனித உரிமைச் சட்டம் இருக்கும் ஊரிலேயே தனியார் வீட்டுக்கு இந்தக் கதி.

தாமதம் விஷயத்திலும் இங்கே கிட்டத்தட்ட வக்கீல் அக்கா சொன்ன மாதிரிதான். புதுப் பாயிண்டுக்குப் புதுச் சாட்சியம் வேண்டும், அல்லது முன்பே சொல்லியிருந்தால் விசாரணையே வேறு மாதிரி நடந்திருக்கும் என்றால் அப்பீல் கோர்ட் உள்ளே விடாது.


தத்தமங்கலத்தான்:

அக்கா, டெபொசிஷன் நகல் கிடைத்தது. நேற்று ராத்திரி அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். குறுக்கு விசாரணையில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. வீட்டைக் கெடுக்கிறார் என்று காட்டுவதற்காகத்தான் கேட்டிருப்பார் போல. பின்கட்டுச் சாய்ப்பில் விறகடுப்பு போட்டு முறுக்கு, தட்டை சுட்டு விற்கிறீர்களா என்று கேள்வி. அம்மா: ஆமாம். எத்தனை காலமாக? கணவர் இருக்கும்போதிருந்தே. கடைகளுக்குக் கொடுக்கிறீர்களா? நாலைந்து கடைக்குப் போகிறது, ஆட்கள் வீட்டுக்கும் வந்து வாங்குவார்கள். அப்படியானால் இது வியாபாரம்தானே? ‘அதை வைத்துத்தான் ஜீவனம் நடக்கிறது.’ இதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டார். தீர்ப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஆப்ஜெக்ஷனிலும் இல்லை, ஏனென்றால் முறுக்கு சுடுவதை வெளியில் சொன்னால் நகராட்சி லைசென்ஸ் கேட்பார்கள் என்று அம்மாவே பயந்து சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்.

இது உபயோகப்படுமா? அந்தச் சாய்ப்பு சின்னதுதான், ஆனால் மாவு சலிக்கிற இடம், பெரிய இரும்புச் சட்டி, டின்கள் அடுக்குகிற பரண் என்று எல்லாம் அதற்குள்தான். ஃப்ளாட்டிலோ மாடி வீட்டிலோ விறகடுப்பு போட யார் விடுவார்கள்?


ஒலவக்கோடு வக்கீல்:

தம்பி, இதைத்தான் தேடச் சொன்னேன்.

11(3)-க்கு இரண்டாவது நிபந்தனை ஒன்று உண்டு. வாடகைக்காரர் அந்தக் கட்டடத்தில் நடத்தும் தொழில் அல்லது வியாபாரத்தின் வருமானத்தை முக்கியமாக நம்பிப் பிழைக்கிறார், அந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலுக்கு ஏற்ற வேறு கட்டடம் கிடைக்கவில்லை, இரண்டும் சேர்ந்து இருந்தால் வீட்டுக்காரரின் தேவை உண்மையாகவே இருந்தாலும் காலி செய்யச் சொல்ல முடியாது. 21, மனித உரிமை என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தது சட்டத்துக்குள்ளேயே இந்த உருவத்தில் இருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் அடிப்படையில் வாழ்வாதாரம் பற்றிய தீர்ப்பு, ‘வாழ்வாதாரத்தைப் பறிப்பது உயிரைப் பறிப்பது மாதிரி’ என்பதுதான் அதன் சாரம். அதை இங்கே கொண்டுவாருங்கள். 21-இன்படி என் அம்மாவை வெளியேற்றக் கூடாது என்று தனியாக ஒரு கிரவுண்டு போட்டால் சிரிப்பார்கள். இந்த நிபந்தனையைப் படிக்கும்போது 21-ஐ மனதில் வைத்துத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இனி சிக்கல்கள். மெழுகிப் பேச விரும்பவில்லை.

இரண்டையும் நிரூபிக்கும் பாரம் வாடகைக்காரர் தலையில். முதல் பாதிக்கு அம்மாவின் பதில் இருக்கிறது, அதுவும் அவர்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதில், நல்லது. ஆனால் ‘முக்கியமாக’ என்ற சொல்லில் கோவை மகனைப் பிடித்து இழுப்பார்கள். நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்களா, எவ்வளவு, பாங்க் வழியாகவா என்று இப்போதே உங்கள் வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். வீடு குடியிருக்க விடப்பட்டது, வியாபாரத்துக்கு அல்ல என்ற எதிர்ப்பும் நிச்சயம் வரும். பழைய வீட்டுக்காரர் தெரிந்தே விட்டிருந்தார் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாம் பாதி, வேறு இடம் கிடைக்கவில்லை என்பது, அதற்கு ரிக்கார்டில் ஒரு துளியும் இல்லை. இதுதான் புது உண்மை. ஆகவே வாயால் வாதிட்டுப் பிரயோஜனம் இல்லை, அப்ளிகேஷன் போட்டாக வேண்டும். ஆப்ஜெக்ஷனில் இந்தத் தற்காப்பைச் சேர்க்க ஒன்று (சொல்லாத சங்கதிக்குச் சாட்சியம் இருந்தும் பயனில்லை), கூடுதல் கிரவுண்டுக்கு ஒன்று, கூடுதல் சாட்சியத்துக்கு ஒன்று. கூடுதல் சாட்சியத்துக்கான ஆர்டர் 41 ரூல் 27 என்று சொன்னால் ‘முன்பே ஏன் முயலவில்லை’ என்ற கேள்விக்கு அஃபிடவிட்டில் நேர்மையாகப் பதில் இருக்க வேண்டும். லைசென்ஸ் பயத்தை அப்படியே எழுதுங்கள், மறைத்துவிட்டுக் குறுக்கு விசாரணையில் மாட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். நமக்குச் சாதகமான ஒன்று, வாடகைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவே அப்பீல் அதிகாரிக்கு, அவசியம் என்றால் மேற்கொண்டு தானே விசாரிக்கவோ கீழ்க் கோர்ட் மூலம் விசாரிக்கவோ அதிகாரம் தருகிறது. ரூல் 27 அளவுக்குக் கெடுபிடி இல்லை, ஆனால் மனநிலை அதேதான். வட்டாரத்தில் காலியாக உள்ள கட்டடங்கள் பற்றி நகராட்சியில் தகவல் கேளுங்கள், வீடு தேடி நீங்கள் அலைந்ததைச் சொல்லக்கூடிய புரோக்கர் யாராவது இருந்தால் தயார் செய்யுங்கள், சாய்ப்பைப் பார்த்து ரிப்போர்ட் தர ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி கோர்ட்டில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் இந்த வாரமே போட்டு எதிர்த்தரப்புக்கு நகல் போய்ச் சேர வேண்டும். வாத தேதியன்று காலையில் கொண்டுபோய் நீட்டினால் இழுத்தடிப்பு என்ற முத்திரை விழுந்துவிடும். செலவுத் தொகை கட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் கட்டிவிடுங்கள்.

அப்புறம் பார்க்கலாம், ஹைகோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 20-ஆம் பிரிவின் கீழ் எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் ரிவிஷன் (மறுஆய்வு மனு) உண்டுதான். ஆனால் 2014-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், தில்பஹார் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, கேரளச் சட்டத்தையும் சேர்த்தே பார்த்து, ரிவிஷன் இரண்டாவது அப்பீல் ஆகாது, சாட்சியத்தை மறுபடி எடைபோட முடியாது என்று சொல்லியாகிவிட்டது. உண்மைகளுக்குப் பாலக்காடுதான் கடைசி நிறுத்தம்.


கோர்ட்டு வராண்டா:

அம்மணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாடகை பாக்கி ஒரு ரூபாய் இருக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டாமல் அப்பீலில் வாய் திறக்கவே விடாது 12-ஆம் பிரிவு. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பித் திரும்பி வந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எவ்வளவு நல்ல பாயிண்ட் வைத்திருந்தாலும் இதில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.

வக்கீல் செலவு கையைக் கடித்தால், அம்மா பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். தாலுகா சட்டப் பணிக் குழுவில் போய்க் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள்.


தேவிகுளம் தேயிலை:

இதே வாதம் எங்களுக்குப் பொருந்துமா? மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார், காலி செய்யச் சொல்கிறார்கள்.


ஒலவக்கோடு வக்கீல்:

பொருந்தாது தம்பி. லயம் வேலையோடு சேர்ந்து வந்த வீடு, நீங்கள் வாடகைக்காரர் இல்லை, வாடகைக் கோர்ட்டுக்கும் அங்கே வேலை இல்லை. கிராஜுவிட்டி முழுதும் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். விவரத்தோடு தனியாக ஒரு இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் இரண்டும் குழம்பிவிடும்.


நகரி ரவி:

தலைப்பைப் பார்த்து எங்கள் ஆந்திரா சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்தேன்! எங்களுக்கு ஆந்திராவின் தனி வாடகைச் சட்டம். உங்கள் கோவைக்கு 2017-இல் போட்டு 2019-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டம். ஒரே பாஷை பேசுகிற மூன்று ஊருக்கு மூன்று சட்டம், கோவை நண்பர் யாராவது சொல்வதைக் கேட்டுப் பாலக்காட்டில் மனு போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதினேன்.


தத்தமங்கலத்தான்:

வக்கீலைப் பார்த்தேன். முதலில் முகம் கொடுக்கவில்லை, டெபொசிஷனின் அந்தப் பக்கத்தைக் காட்டியதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மூன்று அப்ளிகேஷனும் தயாராகிறது, ஜூனியர்தான் எழுதுகிறார். பணம் அனுப்புகிற விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மருந்துச் செலவு நான் பார்க்கிறேன், மற்றபடி அம்மா என்னிடம் வாங்க மாட்டார். பழைய வீட்டுக்காரர் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் முறுக்கு வாங்குவார், அதற்கு அம்மாவின் கணக்கு நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. அதையும் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எல்லாம் தள்ளுபடி ஆகி அப்பீலும் போய்விட்டால் உடனே இறக்கி விட்டுவிடுவார்களா?


ஒலவக்கோடு வக்கீல்:

கணக்கு நோட்டு நல்ல சாட்சியம், அசல் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே நடக்காது. அவர்கள் நிறைவேற்ற மனு போட வேண்டும், அதற்குள் நீங்கள் ரிவிஷனுக்குப் போய் ஸ்டே கேட்கலாம். ரிவிஷனும் நிற்காது என்று தெரிந்தால் அவகாசம் கேளுங்கள். இந்தத் தேதிக்குள் எந்தத் தகராறும் இல்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவேன், அதுவரை வாடகை தவறாது என்று உறுதிமொழி அஃபிடவிட் கொடுத்தால் ஆறு மாதம் வரைகூடக் கொடுப்பதுண்டு. வயது, முட்டி, மெடிக்கல் பேப்பர் எல்லாம் சட்ட நுணுக்கம் இல்லாமல் எடுபடுகிற இடம் அதுதான், அந்தக் கட்டத்தில் யாரும் தாமதம் என்று சொல்ல மாட்டார்கள். அவகாசம் வாங்கினால் சொன்ன தேதியில் கட்டாயம் காலி செய்ய வேண்டும், மீறினால் கோர்ட் அவமதிப்பு.

காலி செய்த பிறகும் ஒரு கண் வைத்திருங்கள். 11(3)-இல் வீட்டைத் திரும்பப் பெற்ற வீட்டுக்காரர் தக்க காரணம் இல்லாமல் ஒரு மாதத்துக்குள் குடியேறவில்லை, அல்லது குடியேறி ஆறு மாதத்துக்குள் விட்டுப் போய்விட்டார் என்றால், வீட்டைத் திரும்பக் கேட்டு மனு போட அம்மாவுக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.